சும்மா இருக்கிற மனிசி

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ். எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள். யன்னல் பக்கம் இருந்தவர் நடுத்தர வயது, நல்ல சேலை கட்டியிருந்தார்.

"எங்கை அக்கா வெளிக்கிட்டிட்டியள்?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"ரவுணுக்கு, ஐஸ்கிறீம் குடிக்க. இண்டையிலிருந்து நான் சும்மா இருக்கிறன்."

"முந்தியும் வீட்டிலை சும்மாதானே இருந்தனீங்கள்?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை. கனடாவிலையிருந்து மச்சாள் போன் எடுப்பா. 'நீ சும்மாதானே இருக்கிறாய், எங்கடை வீட்டை ஒருக்கால் கூட்டிவிடு' எண்டுவா. அந்தப் பூட்டின வீட்டைக் கூட்டி, வௌவால் எச்சம் கழுவி, தென்னையளுக்குத் தண்ணி விட்டு, குனிஞ்சு குனிஞ்சே என்ரை நாரி முறிஞ்சுது."

"இப்ப?"

"மச்சாள் பென்சன் எடுத்து ஊரோடை வந்திட்டா. நேற்று விறாந்தையிலை கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, 'இனி நானும் சும்மாதான் இருக்கப்போறன்' எண்டா. நான் அந்த வீட்டுக் கதவுகளின்ரை திறப்புக் கோர்வையை அவவின்ரை மடியிலை வைச்சன். 'நல்லது மச்சாள், வீடு கூட்டிற தும்புத்தடி குசினிக் கதவுக்குப் பின்னாலை நிக்குது' எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

கைப்பைக்குள் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சாள்தான். தண்ணி மோட்டர் போடத் தெரியேல்லையாக்கும்."

"பாவம், எடுங்கோவன் அக்கா."

அடித்துக்கொண்டிருந்த போனை அவர் திரும்பவும் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்துப் பூட்டினார்.

"நான் சும்மா இருக்கிறன், பிள்ளை. எனக்கு நேரமில்லை."