ஆபீசர் நாற்காலி

— அந்தக் கண்ணைப் பார்த்தீங்களா? பேசிக்கிட்டே இருந்து சட்டுனு நிறுத்தி, மெல்ல மேல தூக்கினாளே, அது என் கண்ணு!

— கண்ணுல என்ன ராணி உன் கண்ணு, என் கண்ணு?

— நம்ம நாடகத்துல கோட்டை விழுந்த காட்சியில நான் பார்க்கற பார்வை அது. அதுக்குத்தான் கைதட்டலே விழும். நம்ம குழுவுக்குத் துணி தைக்க வந்தவ, பார்வையையும் அளவெடுத்து வெட்டிட்டா!

— மெதுவாப் பேசு, பக்கத்து அறையிலதான் இருக்கா. நாளைக்குக் காலையில அகதி ஆபீஸ்ல அவளுக்கு விசாரணை. அவ கதையை ஆபீசர் நம்பினாத்தான் இந்த நாட்டுல இருக்கலாம். நம்பலைன்னா, கைக்குழந்தையோட திருப்பி அனுப்பிடுவாங்க.

— தெரியும் டைரக்டர் சார். அதுக்குத்தானே நாடகத்தை மூட்டை கட்டி வெச்சுட்டு அவளுக்கு ஒத்திகை நடக்குது? மேக்கப்காரர் மாடி அறையை சும்மாவே கொடுத்துட்டாரு. டிரம்ஸ்காரன் குழந்தைக்குத் தாலாட்டு வாசிக்கறான். என்னைக் கட்டின புருஷன் நீங்க, வரிவரியா வசனம் சொல்லித் தர்றீங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு பய எட்டிப் பார்த்தானா?

— உனக்கு வந்தது ஜலதோஷம்.

— இருமலும்தான்!

— சரி தாயே, இருமலும்தான். இப்ப ஒரு உதவி பண்ணு. மேசை, நாற்காலி எல்லாம் அந்த ஆபீஸ் மாதிரியே போட்டாச்சு. ஆபீசரா உக்காரத்தான் ஆள் இல்லை. மேக்கப்காரர் உக்கார்ந்தா பாதியிலயே அழுதுடறாரு.

— நான் உக்கார்றேன். அப்புறம் யாரும் வருத்தப்படக் கூடாது. ஏம்மா தையல், இங்க வா. எதிர்ல உக்காரு. ஆரம்பி.

— கதவை உடைச்சாங்க மேடம். என் தம்பியை... என் தம்பியை இழுத்துட்டுப் போனாங்க. நான் அலறினேன்.

— நிறுத்து. நேத்தும் ரெண்டாவது ‘தம்பி’யிலதான் தொண்டை அடைச்சுது. துக்கத்துக்கு அலாரம் வெச்சிருக்கியா?

— ராணி!

— ஆபீசர் பேசறப்ப குறுக்க வராதீங்க. அலறினியே, வந்தவங்களுக்குக் காது செவிடா?

— கேட்... கேட்டிருக்கும்.

— அப்புறம் உன்னை ஏன் விட்டாங்க?

— சார், இதுக்கு நான் என்ன சொல்லணும்?

— அவரைப் பார்க்காதே. நாளைக்கு அந்த மேசைக்குப் பின்னாடி அவரு இருக்க மாட்டாரு. என்னைப் பாரு. எப்படித் தப்பிச்ச?

— நான் அலறலை.

— என்னது?

— கட்டிலுக்கு அடியில கிடந்தேன். குழந்தை வாயைப் பொத்திக்கிட்டு. தம்பி காலு என் கைக்கு எட்டற தூரத்துல. அக்கா எங்கடான்னு அடிச்சாங்க. அவ வெளியூர் போயிருக்கான்னான். இழுத்துட்டுப் போறப்ப ஒரு செருப்பு கழண்டு என் முகத்துக்கு நேரா விழுந்துது. நான் மூச்சு விடலை.

— அப்ப அந்த அலறல்?

— அது... நான் எழுதினது ராணி. பிடிச்சுட்டுப் போனாங்கன்னு மொட்டையாத்தான் அவ சொன்னா. காட்சியில அழுத்தம் பத்தலைன்னு...

— அழுத்தமா! அந்தக் கண்ணு?

— அதுவும் நான்தான். உன்னோடதுதான் நல்லா இருக்கும்னு...

— வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு. ஏண்டி, நீயாவது இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாது?

— கூசுதுக்கா. இங்க எல்லாரும் என்னை தைரியசாலின்னு கட்டிப்பிடிக்கறாங்க.

— நாளைக்கு இதைச் சொல்லு. கண்ணைத் தூக்காதே. குரல் வரலைன்னா வர்ற வரைக்கும் சும்மா இரு. துணைக்கு ஒருத்தரைத்தானே உள்ள விடுவாங்க? யாரு, இவரா?

— இல்லைக்கா. போன வாரமே பேர் கொடுத்தாச்சு. உங்க பேரு.

— என் பேரா? உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாதுன்னு இந்தக் குழுவுக்கே தெரியுமே!

— அதனாலதான்க்கா. மத்தவங்க எல்லாரும் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நம்பிட்டாங்க. நீங்க ஒருத்தர் நம்பிட்டா, எந்த ஆபீசரும் நம்பிடுவாருன்னு தோணுச்சு... நம்பறீங்களாக்கா?