அக்கா தலையசைத்தாள்

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்கள். நகரசபைத் துணைத்தலைவி வீட்டில் இப்படியொரு நாற்காலியா என்று என் மகள் கேலி செய்வாள். என்மேல் உங்களிடம் புகார் கொடுத்ததும் அவள்தான். கோபமில்லை. அவளை வளர்த்தது என் அக்கா.

சொந்த நாட்டில் நான் நர்ஸ். இங்கே வந்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். உரிமத் தேர்வில் தேறினால்தான் ஊசியைத் தொடலாம். இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவதும் போனால் விசாவும் போய்விடும். கணவர் பிரிந்துவிட்டார். கையில் குழந்தை. அக்காவை வரவழைத்தேன். அவளுக்கு இங்கத்து மொழி ஒரு சொல்லும் தெரியாது.

"எனக்கும் சேத்து நீயே பேசுடி. அங்கயும் அப்படித்தானே பேசின" என்று சிரிப்பாள்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. நானேதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன், அதை மறந்துவிடாதீர்கள். உடனே அறுவை செய்தால் பிழைப்பாள், ஆனால் பல மாதம் குழந்தையைத் தூக்கக்கூடாது என்றார்.

"என்னடி சொல்றாரு?"

"வெறும் கொழுப்புக் கட்டியாம்க்கா. தானா கரைஞ்சிடுமாம்."

டாக்டரிடம், அக்கா அறுவைக்குச் சம்மதிக்கவில்லை என்றேன். நல்ல மனிதர், உடனே நம்பவில்லை. "இது அவங்க முடிவுதானான்னு அவங்களையே கேளுங்க. தலையசைச்சுக் காட்டட்டும்."

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "பரீட்சை முடியிற வரைக்கும் பாப்பாவைப் பாத்துப்பியாக்கா?"

"இதைக் கேக்க இங்கதான் இடம் கெடைச்சுதா?" என்றவள், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கவே பலமாகத் தலையசைத்தாள்.

தேறினேன். தேறியதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் புது வேலை, மாறி மாறி ஷிப்ட்; குழந்தையை யாரிடம் விடுவது? நான் தலைமை நர்ஸ் ஆவதற்குள் அவள் படுத்துவிட்டாள். வலியில் சுருண்டுகொண்டு, "ஏன்டி இன்னும் கரையல? டாக்டரைக் கேட்டியா?" என்பாள். கேட்டேன் என்பேன்.

பிறகு தேர்தலில் நின்று ஜெயித்தேன். நான் கொண்டுவந்த முதல் தீர்மானம், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும் என்பது. மொழி தெரியாதவர்கள் படும் பாடு எனக்குத் தெரியாதா? அந்தப் பிரிவின் திறப்பு விழாவுக்கு அதே டாக்டர் வந்திருந்தார். உங்க பெரியம்மா மட்டும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டிருந்தா, என்று என் மகளிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

அவள் வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டாள். "கரைஞ்சிடும்னு சொல்லி என் கையாலதானேம்மா அதைத் தடவிவிடச் சொல்லுவாங்க பெரியம்மா. ஒத்துக்கலைன்னு யார் சொன்னது?"

எழுதிக்கொள்ளுங்கள். நான் பொய் சொன்னேன், அக்கா செத்துப்போனாள். ஆனால் அவளைக் கேட்காமல் நான் எதையும் செய்யவில்லை. தலையசைத்தாளே, டாக்டரும்தான் பார்த்தார்.