தோள்மூட்டு விலகின கதை

...அதான் கேக்குறேன், காப்பாத்துறவன் இப்பிடியா கையை இழுப்பான்? என் தோள்மூட்டே விலகிடுச்சுங்க. நீங்க அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டே கேளுங்க. உங்களுக்கு வயித்துல தையல் போட்டிருக்கு, அசையக் கூடாது.

இழுத்தது யாரு? என் தங்கச்சி புருஷன். குடிச்சுக் குடிச்சு வீட்டுக் கதவைக்கூட வித்தவன். போன வருஷம் சபைக்கு வந்தான், கடைசி பெஞ்சுல உக்காந்து அழுதான். அடுத்த வாரமே, "எனக்கு ரட்சிப்பு நிச்சயம் மச்சான்"ங்கிறான். நிச்சயமாம்! நமக்கெல்லாம் ரயில்லயே இடம் உறுதியாகுறதில்ல, இவனுக்குப் பரலோகத்துல ஜன்னலோர சீட்டு.

நான் விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து சபைக்கு உழைக்கிறேங்க. பெஞ்சு துடைக்கிறது நானு. உபவாசம் தவறமாட்டேன். ஜெப நேரத்துல யாரு தூங்குறாங்கன்னு கண்ணைத் தொறந்து பார்த்து போதகர்கிட்ட சொல்றதும் நான்தான். ஆனா பரலோகம் நிச்சயமான்னு என்கிட்ட கேட்டா, 'பார்க்கலாம்'னுதான் சொல்லுவேன். அது அடக்கம். சாவை நினைச்சா நெஞ்சு படபடங்குது... அது வேற விஷயம்.

போதகரும் அவன் பக்கம். பரலோகம் கிடைக்கிறது நம்ம உழைப்பால இல்லியாம், ஆண்டவரோட கிருபையாலயாம். நாம மாறினாலும் ஆண்டவர் வாக்கு மாறமாட்டாராம். அப்போ நான் துடைச்ச பெஞ்செல்லாம்?

அந்த ஆத்திரத்துலதான் ஏறினேன். ஆலயத்துக் கூரை ஓடெல்லாம் ஒரே பாசி. சுரண்ட ஆள் வருவான், பொறுங்கன்னாங்க. எதுக்கு ஆளு? ஆராதனை முடிஞ்ச கையோட, எல்லாரும் பார்க்க ஏறிட்டேன். இவன் கயிறை எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே வந்தான். இடுப்புல கட்டிக்கோங்க, மறுமுனையை நான் பிடிச்சுக்கறேன்னான். குடிகாரன் கையில என் உயிரா? என் பிடி எனக்குப் போதும்னுட்டேன். அவன் ஒரு முனையை ஆலய மணி தொங்குற தூண்ல முடிஞ்சு, மறுமுனையைத் தன் இடுப்புலயே கட்டிக்கிட்டான்.

பாசிதானே... வழுக்கிடுச்சு. கூரை விளிம்பைப் பிடிச்சுத் தொங்குறேன். அவன் குப்புற விழுந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டான். கீழ மொத்த சபையும் அண்ணாந்து பார்க்குது. மானம் போகுதுங்க. "கையை விடுங்க மாப்பிள்ளை, நானே ஏறிக்கிறேன்"னேன்.

அதுக்கு அவன் மெதுவா சொல்றான்: "மச்சான், நீங்க எப்பவோ விட்டுட்டீங்க. நான்தான் பிடிச்சிருக்கேன்."

பார்த்தேன். ரெண்டு கையும் விளிம்புல இல்ல. எப்போ விட்டேன்னே தெரியலைங்க.

ஏணி வர்ற வரைக்கும் அவன் விடலை. ஓடு கிழிச்சு அவன் கையெல்லாம் ரத்தம், என் மூஞ்சியில சொட்டுது...

என்னம்மா நர்ஸு, அவர் கட்டிலை எங்க தள்ளுறீங்க? வேற வார்டா? அவரே கேட்டாரா? சரி, போங்க. யாருக்குத்தான் என் பேச்சு பிடிச்சிருக்கு.

சார், போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். வெளிய பெஞ்சுல கையில கட்டோட ஒருத்தன் உக்காந்திருப்பான். உள்ள விடாதீங்கன்னு நான்தான் சொல்லிவச்சேன். வரச் சொல்லுங்க.

ஒண்ணுமில்ல... சும்மா கேக்கணும். நான் விடச் சொல்லியும், எப்பிடி விடாம இருந்தான்னு.