ஸ்கிரீன் துணி வந்துருச்சா

அதெப்படிங்க மேடம், சர்வேன்னு வந்து நல்லா இருக்கும், சுமாரா இருக்கும், மோசமா இருக்கும்னு மூணுல ஒண்ணச் சொல்லுன்னா நான் எதச் சொல்றது? வர்ற மூணு மாச யாவாரத்த இன்னைக்கே சொல்லோணுமாக்கும். மேடம்னு கூப்புட வேண்டாங்கறீங்களா? சரிங்க கண்ணு. கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காருங்க, ஈரத்துணி மேல படுது. எங்க வெள்ளக்கடை ஊருல பனிமஞ்சு எறங்கிருச்சுன்னா ஒரு பெட்ஷீட்டு காய ரெண்டு நாளு புடிக்கும்.

பஜார்ல என்னையக் கை காட்டி உட்டாங்களா? காட்டுவாங்க. லாண்டரி அம்மணியக்காவக் கேளுங்க, சீசன் எப்பிடின்னு கரெக்ட்டாச் சொல்லும்னு சொல்லிருப்பாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா? அப்ப கிண்டலுதான் கண்ணு.

முந்தியெல்லாம் நெசமாவே கேப்பாங்க. பங்குனி பொறந்தாப் போதும், ஜீப்பு ஓட்டறவங்க, பலாப்பழம் விக்கறவங்க, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். அக்கா, ஸ்கிரீன் துணி வந்துருச்சா?

ஆமா, சன்னல்ல தொங்குமே, அதே ஸ்கிரீனுதான். லாட்ஜு பெட்ஷீட்டு டெய்லி வரும் கண்ணு. அது இன்னைக்கு எத்தன பேரு தங்குனாங்கன்னு சொல்லும், அவ்வளவுதான். ஸ்கிரீன எவன் துவைக்கப் போடுவான்? கூட்டம் வரும், ரூமு புக்காயிருச்சுன்னு தெரிஞ்சாத்தான் மேனேஜர் அதுல கை வெப்பாரு. ஸ்கிரீனும் கம்பளியும் மூட்டையா வந்து எறங்குச்சுன்னா சித்திரையில சனம் தாங்காது. கொரோனா ஓஞ்ச வருசம், இனி யாரு மல ஏறி வருவாங்கன்னு ஊரே தலையில கைய வெச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு மட்டும் ஸ்கிரீன் வந்துச்சு. வரும் பாருங்கன்னேன். கொண்ட ஊசி வளைவுல காரு நகுர முடியாம நின்னுச்சு.

இந்த வருசம் வரலீங்க. பங்குனி முச்சூடும் ஒரு ஸ்கிரீன் வரல.

மூட்ட எடுத்தாறது எங்கூட்டுக்காரரு, தனபாலுன்னு பேரு. குட்டி யானைன்னு சொல்லுவாங்களே, அந்த லோடு வண்டி வெச்சிருக்காரு. டெய்லி பொழுதோட நாலஞ்சு பெட்ஷீட்ட மட்டும் போட்டுக்கிட்டு வந்து நிப்பாரு. ஏனுங்க, ஸ்கிரீன் ஒண்ணுமில்லீங்களான்னு கேப்பேன். லாட்ஜெல்லாம் காத்து வாங்குது அம்மணீன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவாரு. பாவம், மனுசன் வெசனப்படறாரேன்னு நானும் சுடுதண்ணி வெச்சுக் குடுப்பேன்.

கேட்டவங்களுக்கெல்லாம் இந்தத் தடவ சீசன் இல்லைன்னு சொல்லிட்டேன். எந்தங்கச்சி வெண்ணிலா ஏரிக்கிட்ட வருசா வருசம் கட புடிச்சு மொளகா பஜ்ஜி போடுவா. அவ வந்து அக்கா, இந்த வருசமும் கட புடிக்கட்டுமான்னு கேட்டா. வேண்டாம் புள்ள, கைய சுட்டுக்காதன்னேன். அப்ப இவரு அங்கதான் உக்காந்து களி தின்னுட்டிருந்தாரு. ஒரு வார்த்த சொல்லலாமில்லீங்க? அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னாரு.

அப்பறம் என்ன, மலர் கண்காட்சிக்கு வந்த கூட்டத்துல ரோட்டுல நிக்க எடமில்ல. வெண்ணிலா எடத்துல எவனோ பஜ்ஜி போட்டுட்டிருக்கான், இவ எஸ்டேட்டுல களை வெட்டப் போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் எங்கூட்டு வாசல மிதிக்கல.

எனக்கும் புரியல கண்ணு. ஸ்கிரீன் வராம சனம் எப்பிடி வந்துச்சு? பஜாருக்குப் போயி அண்ணாந்து பாத்தேன். லாட்ஜு சன்னல் அத்தனையிலயும் ஸ்கிரீன் பளபளன்னு தொங்குது, கத்தி மாதிரி மடிப்பு. என்ற கையில துவைச்ச துணி இல்ல அது, மெஷினுல துவைச்சது. வாட்ச்மேன் தேவசிகாமணி அண்ணங்கிட்ட, இத எங்கீங்ணா போட்டீங்கன்னேன். அவரு வெள்ளந்தி. என்னம்மா தெரியாத மாதிரி கேக்கற, உங்கூட்டுக்காரருதான ஏத்திட்டுப் போறாரு, சேலத்துல மெஷின் வெச்சிருக்கீங்களாமே, நாலே மணி நேரத்துல காஞ்சு வருதுன்னாரு.

வெச்சிருக்கீங்களாமே. எப்பிடி இருக்குது பாருங்க. நான் பொண்டாட்டிங்க, எனக்கு வாட்ச்மேன் சொல்லித் தெரியோணும். கூட உக்காந்து தின்னுக்கிட்டே குழி பறிச்சிருக்காரு. ஊருக்கெல்லாம் சாத்திரம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில துள்ளி உழுந்துச்சாம். நாந்தான் அந்தப் பல்லி. ஸ்கிரீனு வரலைன்னா சனம் வராதுன்னு மட்டும் நெனச்சேனே, என்கிட்ட வரலைன்னு நெனக்கலியே.

சரி, என்னத்தப் போடுவீங்க? எனக்கு மோசம்னு போடுங்க. ஊருக்கு நல்லாத்தான் இருக்கும். பூஜை லீவுக்கு இப்பவே ரூமு கெடைக்கலையாம்.

இன்னும் ஒரு கேள்வியா? கேளுங்க. ஊட்டுல எத்தன பேரா... ஐயோ, ரெண்டுன்னு போட்டுட்டீங்களா? அழிச்சுருங்க கண்ணு. ஒண்ணு.

சேலத்துலயே ஊடு பாத்துட்டாரு. தனியா இல்லீங்க. அது யாருன்னு எனக்கு வேண்டாம், நீங்களும் கேக்காதீங்க.

எனக்கு ஆத்தாமையெல்லாம் ஒண்ணுதான். தை மாசமே அவரு சட்டையெல்லாம் என்கிட்டத் துவைக்கப் போடறத நிறுத்திட்டாரு. கீழ சேலம் போறப்ப அங்கியே குடுத்துக்கறேன், உனக்கு வேல மிச்சம்னாரு. மடிப்புக் கலையாம, வேற சோப்பு வாசத்தோட போட்டுக்கிட்டு வருவாரு. என்ற மேல எவ்வளவு பாசம்னு வெண்ணிலாகிட்டச் சொல்லிப் பெருமப்பட்டேன். ஸ்கிரீன் நின்னது பங்குனியில கண்ணு. சட்ட நின்னது தையிலயே.