வரைபடத்தில் இருந்த தீவு

...கையெழுத்தைப் பத்திப் பேசிட்டிருந்தேன் இல்லையா? அதுக்கு ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன். சர்வேயர்களா நீங்க இத்தனை பேர் உக்காந்திருக்கீங்க, உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? கற்பனைக் கதைதான். எந்தப் புஸ்தகத்துலயும் தேடாதீங்க.

ரஷ்யாவுல சவேல்யெவ்னு ஒரு ஆராய்ச்சியாளர். வடதுருவத்துப் பனிக்கடல்ல கப்பல்ல போய், யாரும் பாக்காத ஒரு தீவைக் கண்டுபிடிச்சாரு. தூரத்துல இருந்து பாத்துட்டு வரல... இறங்கி, கால் வெச்சு நின்னாரு. காலுக்குக் கீழ மண்ணு, கல்லு. நாடே கொண்டாடிச்சு. பதக்கம் குடுத்தாங்க. பள்ளிக்கூடத்து வரைபடத்துல எல்லாம் 'சவேல்யெவ் தீவு'ன்னு போட்டாங்க.

பதினெட்டு வருஷம் ஆச்சு. அந்தத் தீவுல வானிலை நிலையம் கட்டணும்னு பெரிய கப்பல்ல மரம், இரும்பு, அடுப்பு எல்லாம் ஏத்திக்கிட்டுக் கிளம்புறாரு. அந்த இடத்துக்குப் போய்ச் சேந்தாச்சு. மேல்தளத்துக்கு வந்து பாக்குறாரு...

கடல்.

வெறும் கடல்! சுத்திமுத்தி எங்கயும் ஒண்ணுமே இல்ல.

"கணக்கு தப்பு. மறுபடி போடுங்க!" சூரியனை வெச்சுக் கணக்குப் போட்டாங்க. அதே இடம். "இன்னொரு தடவை!" அதே இடம். ஸினாய்தான்னு ஒரு அம்மா, கடல் ஆழம் அளக்குற விஞ்ஞானி, கயித்துல ஈயக்குண்டைக் கட்டி இறக்கினாங்க. போகுது... போகுது... இருநூறு மீட்டர். தீவு இருக்க வேண்டிய இடத்துல இருநூறு மீட்டர் தண்ணி!

சவேல்யெவ் திரும்பிப் பாக்குறாரு. அப்பத்தான் கவனிக்கிறாரு. கப்பல்ல இருக்கிற அத்தனை பேரும் கடலையே வெறிச்சுப் பாக்குறாங்க. இந்த அம்மா மட்டும் தலையைக் குனிஞ்சு நிக்கிறாங்க.

"ஸினாய்தா... உனக்கு ஏம்மா அதிர்ச்சியா இல்ல?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் இங்க வந்திருக்கேன் ஐயா. அப்பவே தீவு இல்ல."

"என்ன சொல்ற? அந்த அறிக்கையை நான் படிச்சேனே! மூடுபனியில தீவு தெரியலன்னுதானே எழுதியிருந்தீங்க?"

"மூடுபனியே இல்ல ஐயா. நல்ல வெயில்."

"அப்படி எழுதச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. சவேல்யெவ் ஐயாகிட்ட போய்த் தீவு இல்லன்னு எப்படிச் சொல்றதுன்னு எங்க கேப்டன் கேட்டாரு. யாருக்கும் வாய் வரல. மூடுபனின்னு எழுதினோம். நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம்."

யாரும் மிரட்டல... யாரும் காசு குடுக்கல... மரியாதை! வெறும் மரியாதைக்காக எழுதின பொய்!

அப்பத்தான் சவேல்யெவுக்கு இன்னொண்ணு உறைக்குது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கப்பல் பனியில சிக்கி நொறுங்கிப் போச்சு. அஞ்சு பேர் தப்பிச்சு, பனி மேலயே நடந்தாங்க. எங்க போனாங்க தெரியுமா? சவேல்யெவ் தீவுக்கு! வரைபடத்துல இருக்கே! நாப்பது நாள் நடை. கடைசியில அவங்க கூடாரம், மிதக்குற பனியோட வெகுதூரம் அடிச்சுக்கிட்டுப் போய்க் கிடைச்சுது. உள்ள அஞ்சு சடலம், ஒரு நாட்குறிப்பு. வழி பாத்துச் சொன்னவர் பேரு தாரஸ். அவர் எழுதின கடைசி வரி என்ன தெரியுமா?

"கணக்குப்படி தீவுக்கு வந்துட்டோம். தீவைக் காணோம். என் கணக்குதான் தப்பா இருக்கணும்."

ஐயோ! அந்த மனுஷன் சரியான இடத்துலதான்யா நின்னாரு! சாகுற நேரத்துல கூடத் தன்னைத்தான் சந்தேகப்பட்டாரு... வரைபடத்தைச் சந்தேகப்படல.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி சவேல்யெவ் ஏறி நின்னது தீவே இல்ல. மண்ணும் கல்லும் படிஞ்சு கெடந்த பெரிய மிதக்குற பனிப்பாறை. அது எங்கயோ போய்க் கரைஞ்சிடுச்சு.

அன்னைக்கே கப்பல்ல இருந்து ரேடியோ மூலமா தலைநகரத்துக்குத் தந்தி அடிச்சாரு. "சவேல்யெவ் தீவு கிடையாது. வரைபடத்துல இருந்து எடுத்துடுங்க. தாரஸ் போட்ட கணக்கு சரி." ஸினாய்தா பக்கத்துல வந்து நின்னாங்க. "பழைய அறிக்கை பொய்னு என் பேரைப் போட்டு எழுதுங்க ஐயா." எழுதினாரு.

பதில் வந்துச்சு. என்னன்னு நினைக்கிறீங்க? "அங்க மூடுபனி இருக்கா? நல்லாப் பாருங்க."

இவர் திருப்பி அடிச்சாரு: "வானம் தெளிவா இருக்கு."

ஊருக்கு வந்ததும் தாரஸ் வீட்டைத் தேடிப் போனாரு. மனைவி உல்யானா கதவைத் திறந்தாங்க.

"அம்மா... உங்க வீட்டுக்காரர் கணக்கு தப்பில்ல. என் தீவுதான் இல்ல."

அந்த அம்மா அழல. திட்டவும் இல்ல. "அவருக்குக் கணக்கு தெரியும்னு எனக்குத் தெரியும். மூணு வருஷமா அதைத்தான் ஊர்பூரா சொல்லிட்டிருக்கேன். யாரும் நம்பல"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க.

மன்னிப்பு கிடைக்கல. ஏன் கிடைக்கணும்?

இப்ப உங்ககிட்ட கேக்குறேன். அந்த அஞ்சு பேரைக் கொன்னது யாரு? சவேல்யெவா? அவர் பாத்ததைச் சொன்னாரு, ஏமாந்தாரு. குளிரா? இல்லீங்க. பெரிய மனுஷன் மனசு நோகக் கூடாதுன்னு, கண்ணால பாத்ததை மறைச்சுப் போட்ட நாலு கையெழுத்து!

மேலதிகாரி சொல்லிட்டாரு, போன தடவை அளந்தவர் அனுபவசாலி, நாம ஏன் மாத்திச் சொல்லணும்... இப்படி நினைச்சு நாமளும் பேனாவை எடுத்திருக்கோமா இல்லையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. பெரியவங்களைக் கும்பிடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அளந்தது பத்துன்னா பத்துன்னு எழுதுங்க. நீங்க எழுதுற தாளை நம்பி, உங்களுக்கு முகமே தெரியாத யாரோ ஒருத்தன் நடந்து வருவான்யா... அவன் உயிரோட போய்ச் சேரணும்.