முப்பத்தொன்றாம் குழாய்

தங்கை: சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கோண்ணா.

அண்ணன்: மறுபடியுமா? போன மாசம்தானே ரெண்டு குழாய் நிறைய ரத்தம் உறிஞ்சின. கொசுகூட இவ்வளவு உரிமை எடுத்துக்காது.

தங்கை: அது... உடைஞ்சு போச்சு.

அண்ணன்: ரெண்டுமா?

தங்கை: ம்.

அண்ணன்: பன்னெண்டு மாடிக்கு மேல தொங்கிக்கிட்டு லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் நான். இதுவரைக்கும் ஒரு ஸ்பானரைக் கீழ போட்டதில்ல. உன் கையில ரெண்டு குழாய் நிக்கல. இதுல டாக்டர் பட்டம் வேற!

தங்கை: பேசாம இரு. ஊசி குத்தப் போறேன்.

அண்ணன்: ஏன் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கற?

தங்கை: நரம்பு தேடிக்கிட்டிருக்கேன்.

அண்ணன்: கதவை ஏன் சாத்தின?

தங்கை: ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க.

அண்ணன்: ஊசியைக் கீழ வை பாப்பா. உன் ஆராய்ச்சியில அந்தப் பை விஷயத்தை இன்னொரு தடவை சொல்லு. அன்னிக்கு நான் சரியாக் காதுல வாங்கல.

தங்கை: இப்பவா? உடம்புல ஒவ்வொரு செல்லும் பொடிப் பொடியா பை மாதிரி வெளிய விடும். சாதாரண மைக்ராஸ்கோப்புக்குக்கூடத் தெரியாது. ரத்தத்துல மிதந்துக்கிட்டே...

அண்ணன்: குப்பைப் பை மாதிரி.

தங்கை: முன்னாடி அப்படித்தான் நெனச்சாங்க. ஆனா எந்த செல்லு விட்டுச்சோ அதோட சரக்கு கொஞ்சம் உள்ள இருக்கும். புத்துநோய் வந்து செல்லு கெட்டுப் போயிருந்தா, எந்த இடத்துலன்னு பையைப் பிரிச்சாலே தெரிஞ்சுடும். அதுக்குத்தான் நாங்க...

அண்ணன்: நோயாளிங்க நாப்பது பேரு, நல்லா இருக்கறவங்க நாப்பது பேரு.

தங்கை: காதுல வாங்கலன்ன?

அண்ணன்: அது மட்டும் விழுந்துச்சு. நான் நல்லா இருக்கறவங்க பக்கம்தானே?

தங்கை: கையை நீட்டு, முதல்ல ரத்தம் எடுத்துடறேன்.

அண்ணன்: பாப்பா.

தங்கை: குழாய் மேல பேர் இருக்காதுண்ணா. நம்பர்தான். முப்பத்தொண்ணாம் நம்பர் நல்லா இருக்கறவங்களோடது. ஆனா ரிசல்ட்ல அது நோயாளிங்களோட போய் நின்னுச்சு. குழாய் மாறிப் போயிருக்கும்னு, மிச்சம் வச்சிருந்ததை எடுத்து ரெண்டு தடவை பார்த்தேன். யாரோ, பாவம்னு நெனச்சுக்கிட்டேதான் பார்த்தேன்.

அண்ணன்: அப்ப எதுவும் உடையல.

தங்கை: இல்ல. புதுசா ரத்தம் எடுத்து இன்னொரு தடவை பார்த்துடலாம்னுதான் பொய் சொன்னேன். பேர் லிஸ்ட் எங்க பெரிய டாக்டர்கிட்டதான் இருக்கும். காலையில அவர் திறந்து பார்த்தார். பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டு, "உக்காரும்மா"ன்னார். இந்த ஆறு வருஷத்துல என்னை அவர் உக்காரச் சொன்னதே இல்லண்ணா.

அண்ணன்: எந்த இடம்?

தங்கை: இது வெறும் ஆராய்ச்சி. இதை வச்சு நோய்னு சொல்லிட முடியாது. சும்மா வீக்கமாக்கூட இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான்...

அண்ணன்: எந்த இடம்னு கேட்டேன்.

தங்கை: கணையம்.

அண்ணன்: அப்பாவுக்கு வந்த...

தங்கை: ஆமா. மூணு மணிக்கு ஸ்கேனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

அண்ணன்: மூணு மணிக்கா? என் சின்னப் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து யாரு...

தங்கை: எங்க வீட்டுக்காரர் போறார். காரணம் சொல்லல.

அண்ணன்: உங்க அண்ணிக்குத் தெரியுமா?

தங்கை: உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். இங்க பாரு, அப்பாவுக்குத் தெரிய வந்தப்போ எல்லா இடமும் பரவிடுச்சு. நீ அப்படி இல்ல. போன மாசம் ரத்தம் குடுக்கறப்போ ஃபாரத்துல நீயே டிக் பண்ணியிருக்க. வயித்து வலி இல்ல, முதுகு வலி இல்ல, எடை குறையல. அப்ப ஆரம்பமாத்தான் இருக்கும். வெட்டி எடுத்துடலாம். இல்லையா? அண்ணா... ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிற? எனக்கு பயமா இருக்கு.

அண்ணன்: நாலு மாசமா வலிக்குது பாப்பா. அப்பா படுத்தப்போ நீ ஹாஸ்டல்ல இருந்த. அப்பாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு நீ பார்க்கல, நான் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போய்ட்டுத் திரும்பிட்டேன். நல்லா இருக்கறவங்க ரத்தம் வேணும்னு நீ கேட்டப்போ... எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு பொய்யா போட்டுட்டுக் கையை நீட்டினேன். உன் மிஷின் நல்லா இருக்கறவங்க வரிசையில என்னை நிறுத்திடுச்சுன்னா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு நம்பிக்கலாம்னு.