மழுங்கிய உளியும் ரங்கம்மாளின் மௌனமும்

அவையை அலங்கரிக்கும் தலைவர் நஞ்சுண்டன் ஐயா அவர்களே, கோவைத் தோல் கைவினைஞர் சங்கத்தின் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு அவசர அவசரமாய் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஊசி குத்திய விரல்களால் கைதட்டும் தோழர்களே! உக்கடத்தில் செயற்கைக் கால்களுக்குத் தோல்பட்டை தைக்கும் அக்பர் அலி, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தோலின் கூர்விளிம்பைச் சீவி உருட்டும் உளியைத் தேர்வதும் தீட்டுவதும் பற்றிப் பேசச் சொன்னார் தலைவர். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அதைப் பேச எனக்கு நா எழவில்லை.

சூலூரில் விசைத்தறி ஓட்டும் ரங்கம்மாள் விபத்தில் வலக்காலை இழந்தவர். மீண்டும் தறிமுன் நிற்க வேண்டும், மகள் வர்ஷினியைப் படிக்க வைக்க வேண்டும். அந்த ஒரே ஆசையோடு வந்தார். செயற்கைக் காலைத் தொடையோடு பிணைக்கும் பட்டையை நான்தான் செய்தேன். என்ன பளபளப்பு! என்ன வழவழப்பு! பார்த்தவரெல்லாம் பாராட்டினார்கள். மாதம்தோறும் கேட்டேன், "பட்டை எப்படீங்கம்மா இருக்குது?" மாதம்தோறும் ஒரே பதில், "நல்லாத்தானுங்க இருக்குதுங்ணா."

ஐந்தாம் மாதம் வர்ஷினி மட்டும் வந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. பைக்குள் அந்தக் கால்!

"அம்மா இனி இது வேண்டாம்னு கழட்டி வெச்சுட்டாங்க. தொடையெல்லாம் புண்ணுங்க. வேலையையும் உட்டுப்போட்டாங்க."

பட்டையின் உள்விளிம்பில் ரத்தக் கறை இருந்தது. அன்றே சூலூருக்கு ஓடினேன். "ஏனுங்கம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"அவ்வளவு ஆசையாச் செஞ்சு குடுத்தீங்க. குறை சொன்னா உங்க மனசு சங்கடப்படுமுங்கல்ல?"

அவையோரே! தன் தொடை அறுபடும்போதும் என் மனம் நோகக் கூடாதென்று எண்ணியதே அந்த நெஞ்சம்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பி வரும் பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன்.

பிறகு அதே பட்டையை என் தொடையில் இறுகக் கட்டிக்கொண்டு உக்கடம் குளக்கரையில் நடந்தேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. வியர்வை பட்டதும், இரண்டாம் சுற்றில் எரிந்தது. ஏன் எரிந்தது? என் உளி மழுங்கியிருந்தது! அதை நான் அறியேனா? அறிவேன்! அழுத்தினால் சீவுகிறதே என்று அழுத்தினேன். மழுங்கிய உளி தோலைப் பிய்க்கிறது. பிய்ந்த தோல்நாரை மெழுகு தேய்த்துப் படுக்க வைத்தேன்; வியர்வையில் அது எழுந்து நின்றது. போதாக்குறைக்கு, தடித்த பெல்டுக்கான பெரிய உளியை மெல்லிய பட்டைக்கு எடுத்திருந்தேன். உருண்டிருக்க வேண்டிய விளிம்பு கூராகிவிட்டது.

"எந்தக் கல்லுல தீட்டறதுங்க பாய்?" என்று அவையிலிருந்து வெள்ளகோவில் செங்கோட்டையன் கேட்கிறார். கல்லே வேண்டாமுங்க! இந்த உளியின் வாய் பள்ளத்துக்குள் இருக்கிறது. கத்தியைப் போலக் கல்லில் தேய்த்தால் வாயே போய்விடும். மெல்லிய கம்பியில் உப்புத்தாளைச் சுற்றிப் பள்ளத்தில் பொருத்தி, உளியைப் பின்னோக்கி இழுங்கள். அப்புறம் உலோகத்துக்கு மெருகேற்றும் பாலீஷ் தடவிய நூலில் இழுங்கள். கழிவுத் தோலில் சீவிப் பாருங்கள். சுருள் அறுபடாமல் வந்தால் உளி தயார். பொடிப்பொடியாய் உதிர்ந்தால் மறுபடி தீட்டுங்கள். ஆமாம், முன்வரிசை அம்மா, நீங்கள் சொல்வதுபோல் பொறுமை வேண்டும்தான்!

அப்படித் தீட்டிய சிறிய உளியால் சீவிய புதுப்பட்டையோடு போனேன். இம்முறை கேள்வியை மாற்றினேன். "எங்கீங்கம்மா உறுத்துது?"

"நல்லாத்தானுங்..."

"அது வேண்டாமுங்க. எங்க உறுத்துதுன்னு சொன்னாத்தான் நான் ஊட்டுக்குப் போவேன்."

நெடுநேரம் நெளிந்தார். அப்புறம் மெல்ல, "கொக்கிக்குப் பக்கத்துல... கொஞ்சூண்டுங்க" என்றார்.

எத்தனை பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள் எனக்கு! எத்தனை பாராட்டு! அந்தக் கொஞ்சூண்டுக்கு ஈடாகுமா? அங்கேயே தரையில் உட்கார்ந்து சீவினேன்.

மரியாதை இந்தக் கொங்கு மண்ணின் மாண்பு. மறுக்கவில்லை. அந்த மரியாதையின் மறைவில் நம் மழுங்கிய உளி ஒளிந்துகொள்ளலாமா? வாங்குபவர் வாய் திறக்க மாட்டார் என்றால், நாமல்லவா கேட்க வேண்டும்? அவர் தோலில் கட்டுமுன் நம் தோலில் கட்டிப் பார்க்க வேண்டாமா? தீட்டுங்கள்! கேளுங்கள்! பதில் வரும்வரை கேளுங்கள்!

இதோ, மூன்றாம் வரிசையில் ரங்கம்மாள் அமர்ந்திருக்கிறார். பகல் முழுவதும் தறிமுன் நின்றுவிட்டு நேரே இங்கே வந்தவர். மேடை ஏறுமுன் கேட்டேன். "இன்னிக்கு ஒண்ணும் உறுத்துலீங்ணா" என்றார்.

இன்று அதை நம்பினேன்.

பொறுமையோடு செவிகொடுத்த பெருமக்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் வீடு சேரும் வழியெல்லாம் நலமே விளையட்டும். வணக்கம்!